குத்துச்சண்டை பழகுகிறவர் லேசிக் செய்துகொள்ளலாமா?

வியாசை கீப்பர்:
போன வாரம் ராயபுரத்துத் தம்பி ஒருவர் இங்கே கேட்டிருந்தார்: "பாக்ஸிங் பயிற்சிக்குக் கண்ணாடி இடைஞ்சலாக இருக்கிறது, லேசிக் செய்யலாமா?" நிறையப் பேர் "கண்ணாடியைக் கழற்ற ஒரு லேசர் ஆபரேஷன்தானே, பத்து நிமிட வேலை, செய்துவிடு" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் வேண்டாம் என்கிறேன். காரணம் என் தம்பியின் இடது கண்.

அவன் வியாசர்பாடியில் கோல் கீப்பர். மைனஸ் நாலரை பவர். லேசிக் முடிந்த மறுநாளே கண்ணாடி இல்லாமல் பஸ் நம்பர் படித்தான், வீடே சந்தோஷப்பட்டது. இரண்டு வருடம் கழித்து ஒரு கார்னர் கிக்கில் எதிரணிப் பையனின் விரல் கண்ணில் பட்டது. ரத்தம் இல்லை, பெரிய வீக்கமும் இல்லை. ஆனால் மணலை அள்ளிப் போட்டது போல உறுத்தல், நிற்காத தண்ணீர், பார்வை ஒரே கலங்கல். தாய்ப்பால் விட்டால் சரியாகிவிடும் என்றார் அத்தை. நல்ல வேளை, விடவில்லை. அன்று ராத்திரியே டாக்டரிடம் ஓடினோம். கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லேம்ப் கருவியின் படத்தைத் திரையில் காட்டினார். நோட்டுக்கு அட்டை போடும்போது இழுத்துவிட்டால் சுருக்கம் விழுமே, கருவிழி மேல் அதே மாதிரி ஐந்தாறு கோடு. லேசிக்கில் கருவிழியின் மேலடுக்கை மூடி மாதிரி வெட்டித் தூக்கி, லேசர் அடித்துத் திரும்ப மூடுவார்கள். ஃப்ளாப் என்கிற அந்த மூடி நகர்ந்து மடிந்திருந்தது. அதைத் தூக்கிக் கழுவி, நீவிப் படிய வைத்து, மேலே பேண்டேஜ் லென்ஸ் போட்டார்கள். அடுத்த மாதம் பார்த்தால், ஃப்ளாப்புக்கு அடியில் மேல்தோல் செல்கள் புகுந்து வளர்ந்து ஓரத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. மறுபடி தூக்கிச் சுரண்டி எடுத்தார்கள். இன்றைக்கும் எண்ணூர் நெடுஞ்சாலையில் இரவில் வரும் லாரி விளக்கு அவனுக்கு இரண்டாகத் தெரிகிறது.

ஆபரேஷன் செய்த இடத்தில் "என்ன விளையாடுகிறாய்" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. என் ஆத்திரம் அதில்தான்.

பெரம்பூர் ஆப்டோ:
அண்ணா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் நான் பன்னிரண்டு வருடமாகக் கண் பரிசோதனை செய்கிறவன், மறுத்துச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஃப்ளாப் நகர்வது அரிது. நகர்ந்தாலும் பெரும்பாலும் முதல் ஓரிரு நாளில், தூக்கத்தில் கண்ணைக் கசக்குவதால். அதற்குத்தான் ராத்திரி ஷீல்டு ஒட்டி அனுப்புகிறோம். ஃப்ளாப் வேண்டாம் என்றால் அடுத்தது பி.ஆர்.கே. அதில் மேல்தோலை எடுத்துவிட்டு நேராக லேசர். மூன்று நாலு நாள் வலி, பார்வை தெளிய வாரக்கணக்கு, மாதக்கணக்கில் சொட்டு மருந்து. சிலருக்குக் கருவிழி மேல் மங்கல்கூட வரும். தினக்கூலிக்குப் போகிறவருக்கு அந்த வாரங்களின் சம்பளத்தை யார் தருவது?

காசிமேடு வலை:
நான் தருகிறேன் பதில். போட்டில் கயிறு, கொக்கி, அலை எல்லாம் முகத்தில்தான் அடிக்கும். அதனால் நான் பி.ஆர்.கே செய்தேன், மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், எப்படியும் விசைப்படகு கரையில்தானே நிற்கிறது? இரண்டாம் நாள் ராத்திரி வலி பொறுக்க முடியவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு இருட்டில் கிடந்தேன். ஐந்தாம் நாள் பேண்டேஜ் லென்ஸை எடுத்தார்கள். தடை முடிந்து கடலுக்குப் போகும்போது பார்வை சுத்தம். போன வருடம் கயிறு கண்ணிலேயே அடித்தது. சிவந்தது, ஆறியது, அவ்வளவுதான்.

தண்டையார்பேட்டை மீனா:
நான் லேசிக் செய்து ஒன்பது வருடம். கண் வறட்சி தவிர ஒரு குறையும் இல்லை. ஆனால் என் முகத்தில் யாரும் குத்துவதில்லையே. ஆப்டோ அண்ணா, உங்கள் இடத்தில் விளையாட்டு, வேலை பற்றிக் கேட்கிறீர்களா?

பெரம்பூர் ஆப்டோ:
படிவத்தில் வேலைக்கு ஒரு கட்டம் இருக்கிறது, விளையாட்டுக்கு இல்லை. அது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "லேசிக்கே ஆகாது" என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வியாசை கீப்பர்:
நான் அப்படிச் சொல்லவில்லை தம்பி. அடி வாங்குகிற கண்ணுக்கு ஆகாது என்கிறேன். ஃப்ளாப்பின் ஓரம் தழும்பு போலக் கூடும், நடுப்பகுதி பழைய பலத்தோடு ஒட்டுவதே இல்லை. இதைச் சொன்னதும் எங்கள் டாக்டர்தான். வருடங்கள் போனாலும் டாக்டர்கள் அதைத் தூக்க முடிகிறது என்றால், ஒரு கட்டைவிரலாலும் முடியும்தானே?

பெரம்பூர் ஆப்டோ:
சரி, பாக்ஸருக்கு நானும் ஃப்ளாப் சொல்ல மாட்டேன். பி.ஆர்.கே, இல்லாவிட்டால் ஸ்மைல். ஸ்மைல் ஃப்ளாப் இல்லாத லேசர் முறை, 2 முதல் 4 மில்லிமீட்டர் கீறல் மட்டும்தான். எதற்கும் முன்னால் கருவிழித் தடிமனைப் பாருங்கள். நடுவில் சராசரி 540 மைக்ரான் இருக்கும். லேசிக் என்றால் ஃப்ளாப்புக்கே சுமார் 100, லேசர் கரைப்பது தனி, அடியில் 250-க்குக் குறையாமல் மிஞ்ச வேண்டும். இன்னொன்று, பவர் போனாலும் உள்ளே விழித்திரை மைனஸ் கண்ணின் விழித்திரைதான். குத்து வாங்கினால் அது பிரியலாம். கண்மணியை விரிக்கும் மருந்து விட்டு அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ராயபுரம் பி.காம்.:
கேட்டது நான்தான் அண்ணா. மைனஸ் மூன்று. சனிக்கிழமை ஸ்கேன். பாக்ஸிங் பற்றி நானே முதலில் சொல்லிவிடுகிறேன். செமஸ்டர் லீவில் பி.ஆர்.கே செய்ய முடியுமா என்றும் கேட்கிறேன். கீப்பர் அண்ணா, உங்கள் தம்பி இப்போது ஆடுகிறாரா?

வியாசை கீப்பர்:
ஆடுகிறான். பட்டை வைத்த பாலிகார்பனேட் கண்ணாடியைத் தலையோடு கட்டிக்கொண்டு.