என்95 மாஸ்க் போட்டாச்சே, அப்புறம் தாதிக்கு என்ன பயம்?

தேக்கா தம்பி: "காசநோய் வார்டுல நிக்கிற தாதிக்கு என்95 போட்டாச்சுன்னா ஆபத்தே கிடையாது"ன்னு நேத்து ஈசூன்காரர் எழுதிட்டுப் போயிட்டாரு. எந்த ஊர்க் கணக்கு அண்ணே இது? 2003 சார்ஸ்ல இங்க சிங்கப்பூர்ல நோய் கண்டவங்க 238 பேர். அதுல ஐந்துல ரெண்டு பேர் மருத்துவ ஊழியர்கள்.

ஈசூன்காரர்: சார்ஸை இதுக்குள்ள இழுக்காதீங்க. மார்ச் 1ல முதல் நோயாளி டான் டோக் செங் ஆஸ்பத்திரியில சேர்ந்தப்போ என்ன நோய்னே யாருக்கும் தெரியாது. நான் சொன்னது ஃபிட் டெஸ்ட்ல, அதாவது மாஸ்க் முகத்துல இடைவெளி இல்லாம ஒட்டுதான்னு பார்க்கிற சோதனையில, தேறின என்95. தலையில ஹூடை மாட்டி உள்ள சாக்கரின் தெளிப்பாங்க. தலையை ஆட்டணும், குனியணும், பேசணும். நாக்குல இனிப்புத் தட்டலைன்னா பாஸ். வேற என்ன வேணும்?

தோ பாயோ தாதி: அந்தப் பாஸ் அந்த மாடலுக்கும் அன்றைய முகத்துக்கும் மட்டும்தான். எடை நிறைய குறைந்தாலோ, பல்செட் மாற்றினாலோ, ஸ்டோரிலிருந்து வேறு மாடல் வந்தாலோ திரும்பச் செய்ய வேண்டும். அது கிடக்கட்டும். மாஸ்க்கைக் கழற்றும்போது, தலையைச் சுற்றும் இரண்டு பட்டிகளில் எந்தப் பட்டி முதலில்? அதைச் சொல்லுங்கள்.

ஈசூன்காரர்: எந்தப் பட்டியா இருந்தா என்ன லா?

தோ பாயோ தாதி: குட்டு வெளிப்பட்டது. கீழ்ப்பட்டிதான் முதலில். மேல்பட்டியை முதலில் எடுத்தால் மாஸ்க் கழுத்தில் தொங்கிக் கவிழும், அதன் வெளிப்பக்கம் யூனிஃபார்மில் உரசும். விழாமல் பிடிக்கக் கை தானாக முன்பக்கத்துக்குத்தான் போகும். கீழ்ப்பட்டியைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டு, பிறகு மேல்பட்டியை மட்டும் பிடித்து முகத்தை விட்டு விலக்கி, நேராகக் குப்பைத் தொட்டியில். அதுவும் வெளியே வந்து கதவைச் சாத்திய பிறகு. அப்புறம் கையில் கிருமிநாசினி ஹேண்ட் ரப்.

ஈசூன்காரர்: காசநோய் காத்துல பரவுது மேடம். யூனிஃபார்ம்ல உரசி யாருக்கும் வந்ததில்ல. டெங்கி விவாதத்துலயும் இதே கதைதான், அண்டாவை விட்டுட்டு மூடியைப் பிடிச்சுத் தொங்குனீங்க.

தோ பாயோ தாதி: டெங்கியில் மண்ணைக் கவ்வியது யார் என்று ஊருக்கே தெரியும். சளிப் பரிசோதனை முடிவு வரும்வரை அவருக்குக் காசநோயா, கோவிட்டா, இரண்டுமா என்று நோயாளி நெற்றியில் எழுதியா இருக்கும்? கீழ்ப்பட்டி முதலில்.

சென்னை செல்வன்: இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். 'தாதி' என்றால் பணிப்பெண். 'செவிலியர்' என்பதே மரியாதையான சொல்.

தேக்கா தம்பி: இங்க தமிழ் முரசு பேப்பர்லயிருந்து ஒலி 96.8 ரேடியோ வரைக்கும் தாதிதான் சார். உங்க ஊர் அகராதியை உங்க ஊர்ல வெச்சுக்கோங்க.

சென்னை செல்வன்: மொழிக்கு ஊர் ஏது? ஆனால் 'என்95 போட்டாச்சுன்னா' என்று எழுதுபவரிடம் மொழி பேசி என்ன பயன்!

தோ பாயோ தாதி: பெயர் எதுவானாலும் பட்டி இரண்டுதான் ஐயா.

ஈசூன்காரர்: பட்டி, பட்டி, பட்டி. கதவைப் பத்தி யாராவது பேசுறீங்களா? கிருமி வெளிய போகாம இருக்க, நோயாளியோட தனியறைக்குள்ள காத்தழுத்தம் வெளியவிட 2.5 பாஸ்கல்தான் கம்மி. கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு டிராலியை உருட்டினா அது அம்போ. மணிக்கு 12 தடவை காத்து மாறுற அறையிலயே, நோயாளி போனப்புறம் காத்துல இருக்கிற கிருமி 99.9 சதவீதம் வெளியேற 35 நிமிஷம் ஆகும். 6 தடவைன்னா 69 நிமிஷம். அதுக்குள்ள படுக்கை விரிப்பை மாத்துறேன்னு மாஸ்க் இல்லாம நுழையறாங்க பாருங்க, அங்கதான் வருது.

தேக்கா தம்பி: ஆபத்தே கிடையாதுன்னவரு இப்ப ஆபத்து எங்கேன்னு பாடம் எடுக்கிறாரு! அண்ணே, கைதட்டலாமா?

ஈசூன்காரர்: மாஸ்க் இல்லாம நுழைஞ்சான்னுதான் எழுதியிருக்கேன் தம்பி. கண்ணாடியைத் துடைச்சுட்டுப் படி. போட்டிருந்தா ஆபத்தில்ல. நேத்து சொன்னதுதான் இன்னைக்கும்.

தோ பாயோ தாதி: எட்டு மணி நேர ஷிஃப்டில் எத்தனை முறை போட்டுக் கழற்றுவது என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் மூக்குக் கம்பியை இரு கை விரலாலும் அழுத்தி, ஊதிப் பார்த்து, ஓரத்தில் காற்று கசிந்தால் திரும்பச் சரிசெய்ய வேண்டும். அழைப்பு மணி அடிக்கும்போது முதலில் விட்டுப்போவது இதுதான். அடுத்தது பட்டி வரிசை. கீழ்ப்பட்டி.

ஈசூன்காரர்: அந்த டெங்கி விவாதத்தோட லிங்க் யார்கிட்டயாவது இருக்கா? யாரு மண்ணைக் கவ்வினாங்கன்னு இப்பவே பார்த்துடலாம்.