ஏஜென்ட் விழுந்த பிறகும் செஷன் ‘ரன்னிங்’ என்றே நிற்கிறது

கேள்வி:
ஆரக்கிள் டேட்டா இன்டக்ரேட்டர் 12சி (தரவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஏற்றும் மென்பொருள்), ஸ்டாண்ட்அலோன் ஏஜென்ட் (வேலைகளை ஓட்டும் தனி நிரல்). லோட் பிளான் (வரிசைப்படுத்திய வேலைகளின் தொகுப்பு) பாதியில் இருந்தபோது சர்வர் ரீஸ்டார்ட் ஆகிவிட்டது. ஏஜென்ட் இன்னும் எழவில்லை, ஆபரேட்டரில் (ஓட்டங்களைக் கண்காணிக்கும் திரை) செஷன், அதாவது அந்த ஓட்டத்தின் பதிவு, மட்டும் ‘ரன்னிங்’. மறுபடி ஓட்டினால் வரிசைகள் இரட்டிக்குமா?

பதில் 1:
செஷனின் நிலை ஒர்க் ரெப்பாசிட்டரியில் (இந்த மென்பொருள் தன் பதிவுகளை வைக்கும் டேட்டாபேஸ் பகுதி) இருக்கிறது. ஏஜென்ட் விழுந்தால் அதை மாற்றி எழுத ஆளில்லை. முதலில் ஏஜென்டை எழுப்பி, டோப்பாலஜியில் (ஏஜென்ட், சர்வர் அமைப்புகள் உள்ள திரை) ‘டெஸ்ட்’ கொடுங்கள். போர்ட் (வழக்கமாக 20910) அடைபட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். எழும்போது தன் பழைய செஷன்களை அதுவே ‘எரர்’ ஆக்கும். ஆகாவிட்டால் ஆபரேட்டர் மெனுவில் ‘கிளீன் ஸ்டேல் செஷன்ஸ்’ (ஏஜென்ட் இல்லாமல் தொங்கும் செஷன்களைத் துடைப்பது) கொடுங்கள். அதன்பின் லோட் பிளானை ரீஸ்டார்ட் செய்யுங்கள். புதிதாக எக்ஸிக்யூட் கொடுத்தால் முடிந்த படிகளும் முதலிலிருந்து ஓடும்.

பதில் 2:
லோட் பிளானை ரீஸ்டார்ட் செய்யும் முன் டேட்டாபேஸைப் பாருங்கள், தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். ஏஜென்ட் எஸ்க்யூஎல்லை (டேட்டாபேஸுக்கான கட்டளை) அனுப்பிவிட்டுக் காத்திருக்கும், அவ்வளவுதான். உண்மையில் ஓடுவது டேட்டாபேஸில். ஏஜென்ட் போன பிறகும் அந்த இன்செர்ட் (வரிசைகளைச் சேர்க்கும் கட்டளை) டேபிளில் லாக்கைப் (பூட்டை) பிடித்துக்கொண்டு இருக்கலாம். இருந்தால் முடியவிடுங்கள், அல்லது கில் செய்து ரோல்பேக் (பாதி மாற்றங்களைத் திரும்பப் பெறுவது) முடியும்வரை பொறுங்கள்.

இரட்டிப்பு வருவது வேறு இடத்தில்: கமிட் ஆகிவிட்டது (மாற்றம் டேட்டாபேஸில் நிலைத்துவிட்டது), ‘முடிந்தது’ என்று ரெப்பாசிட்டரியில் பதிவாகும் முன் ஏஜென்ட் விழுந்தது. ரீஸ்டார்ட்டில் அதே டாஸ்க் இன்னொரு முறை ஓடும். வெறும் அப்பெண்ட் (இருப்பதன் கடைசியில் சேர்ப்பது) என்றால் வரிசை இரட்டிக்கும். கீ (வரிசையை அடையாளம் காட்டும் மதிப்பு) வைத்து மெர்ஜ் செய்யுங்கள்: ஏற்கெனவே உள்ள வரிசையைத் திருத்தும், இல்லாததை மட்டும் சேர்க்கும். முடியாவிட்டால் ஒவ்வொரு வரிசையிலும் பேட்ச் எண் எழுதி, இன்செர்ட்டுக்கு முன் அந்த எண் உள்ள வரிசைகளை டெலீட் செய்யும் படி ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.

கேட்டவர்:
லோட் பிளானின் சீரியல் ஸ்டெப்பில் (உள்ளே உள்ளவை ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் படி) ‘ரீஸ்டார்ட் ஆல் சில்ட்ரன்’ வைத்திருக்கிறேன்.

பதில் 1:
‘ரீஸ்டார்ட் ஃப்ரம் ஃபெயிலியர்’ ஆக்குங்கள். இப்போதிருப்பதில் அந்த ஸ்டெப்புக்குள் முடிந்தவையும் திரும்ப ஓடும்.