பொருள்: ஃபிட்னஸ் – தகுதியா, எச்சத்தகவா, வழித்தகவா?

எல்லாருக்கும் வணக்கம். பிளஸ் டூ பசங்களுக்கு ரிவிஷன் டெஸ்ட் ஓடிட்டிருந்ததால ரெண்டு நாளா பதில் போட முடியல, ஆனா இந்த இழைய பாதியில விடவும் மனசு வரல. உயிரியல்ல 'ஃபிட்னஸ்'ங்கிற சொல்லுக்கு, அதாவது ஒரு உயிர் அடுத்த தலைமுறைக்கு எவ்ளோ வாரிச விட்டுட்டுப் போகுதுங்கிற கணக்குக்கு, தமிழ்ல என்ன சொல்றதுங்கிறதுதான் இங்க ஓடுற பேச்சு.

நான் ஏன் இந்த ஒத்தச் சொல்ல இவ்ளோ பிடிச்சுத் தொங்குறேன்னு முதல்ல சொல்லிடறேன். தண்டையார்பேட்டையில நான் டியூஷன் எடுக்கிற எடத்துல பாதிப் பசங்க காசிமேட்டுப் பக்கத்துப் பசங்க. போன வாரம் டார்வின் கேள்விக்கு ஏறக்குறைய எல்லாருமே 'வலிமையான உயிரினங்கள் வாழும், வலிமையற்றவை அழியும்'னு எழுதியிருந்தாங்க. ஒரு பையன் மட்டும் பேப்பர் வாங்கும்போது, "சார், வலையில பெருசு தான மொதல்ல மாட்டுது, பொடிசு கண்ணு வழியா பூந்து போய்டுது, அப்ப எது சார் வலிமை?"ன்னு கேட்டான். அவங்க அப்பா போட்ல தொழிலுக்குப் போறவர். முப்பது பேருக்கு முன்னாடி அவன் கேட்ட அந்தக் கேள்விதான் பாடமே.

கனடாவுல நியூஃபவுண்ட்லாந்து கரையோரம் 'காட்'ங்கிற மீன நூத்தாண்டுக் கணக்கா அள்ளி அள்ளி, 1992-ல பிடிக்கவே கூடாதுன்னு தடை போட்டாங்க இல்லையா, அந்தத் தடைக்கு முன்னாடியே அங்க மீனுங்க இளசுலயே, சின்ன உடம்புலயே சினை புடிக்க ஆரம்பிச்சிருந்தது. பெருசா வளரட்டும்னு காத்திருந்தது முட்டை விடறதுக்குள்ள வலையில போய்டுச்சு, அவசரப்பட்டது குட்டி குட்டியா இருந்தாலும் தன் வாரிச விட்டுட்டுப் போச்சு. 2002-ல டேவிட் கானோவர், ஸ்டீபன் மன்ச்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க இத தொட்டியிலயே செஞ்சு காட்டினாங்க. சில்வர்சைடுன்னு ஒரு சின்ன மீன், சில தொட்டியில பெரிய மீனுங்களாப் பாத்து மொத்தத்துல 90 சதவீதத்த எடுத்துட்டாங்க, சில தொட்டியில சின்ன மீனுங்களாப் பாத்து 90 சதவீதத்த எடுத்துட்டாங்க, நாலே தலைமுறையில பெருச எடுத்த தொட்டி மீனெல்லாம் சிறுத்துப் போச்சு. எந்த மீனும் 'நான் சிறுசா இருந்துக்கறேன்'னு முடிவு பண்ணல. சிறுசா இருந்ததோட பிள்ளைங்க மிஞ்சுச்சு, அவ்ளோதான்.

இதுல பலம் எங்க வருது? கோவேறு கழுதைய எடுத்துக்குங்க. குதிரைய விடத் தாக்குப் பிடிக்கும், மூட்டை சுமக்கும், ரொம்ப வருஷம் வாழும், ஆனா குட்டி போடாது. பரிணாமக் கணக்குல அதோட ஃபிட்னஸ் சைபர். இதுக்குப் போய் 'தகுதி'ன்னு எழுதினா பையனுக்கு டிஎன்பிஎஸ்சி தகுதித் தேர்வு ஞாபகம் வரும், 'உடல்திடம்'னு எழுதினா ஜிம்மு ஞாபகம் வரும். 'தக்கன பிழைத்தல்' (சர்வைவல் ஆஃப் த ஃபிட்டஸ்ட்)ங்கிற தொடரயும் டார்வினே உண்டாக்கல, 1864-ல ஹெர்பர்ட் ஸ்பென்சர்ங்கிற தத்துவ அறிஞர் சொன்னது, டார்வின் தன் புத்தகத்தோட அஞ்சாவது பதிப்புல, 1869-ல தான் அத எடுத்துக்கிட்டார். தமிழ்ல 'தக்க'ன்னு போட்டவங்க சரியாத்தான் போட்டாங்க, நாமதான் அத 'வலிய'ன்னு படிச்சுப் பழகிட்டோம்.

ஃபிட்னஸ்ங்கிறது பாராட்டு இல்ல, எண்ணிப் பாக்கிற ஒரு கணக்கு. மான்செஸ்டர்ல ஆலைப் புகையில மரமெல்லாம் கருத்தப்போ, கருத்த மரத்துல கண்ணுல படாம தப்பிச்ச கருப்பு அந்துப்பூச்சி, 1848-ல முதல்ல பதிவானது, 1895-ல அந்த இனத்துல நூத்துக்கு 98 ஆயிடுச்சு. ஹால்டேன்ங்கிற உயிரியல் அறிஞர், அதான் பின்னாடி 1957-ல நம்ம நாட்டுக்கே வந்து குடியேறினாரே அவர்தான், 1924-ல கணக்குப் போட்டு, இவ்ளோ வேகமா பரவணும்னா பழைய வெள்ளை அந்துப்பூச்சி ரெண்டு வாரிசு விட்டா கருப்பு மூணு விட்டிருக்கணும்னு சொன்னார். எண்ணூர் பக்கம் சாம்பல் படிஞ்ச இலையைப் பாத்து வளந்த பசங்களுக்கு இந்தப் பூச்சிக் கதை சொன்ன உடனே புடிபடுது.

இப்ப சொல்லுக்கு வரேன். நான் போன மடல்ல 'எச்சத்தகவு'ன்னு போட்டது குறள்லேருந்து.

தக்கார் தகவிலர் என்பது அவரவர்
எச்சத்தாற் காணப் படும்

எச்சம்னா பிள்ளைங்கன்னு பரிமேலழகர் உரை இருக்கு. வள்ளுவர் பேசறது நடுவுநிலைமைய, உயிரியல இல்ல, அத நான் குழப்பிக்கல. அவர் உயிரியல் சொன்னார்னு யாராவது கிளப்பினா முதல் ஆளா மறுப்பேன். ஆனா 'தகவ எச்சத்துல பாரு'ங்கிற சொல்லமைப்பு நமக்கு வேணுங்கிற பொருளோட அப்படியே பொருந்துது, அதனாலதான் ஆசப்பட்டேன்.

//எச்சம்னா எங்க தெருவுல காக்கா எச்சம்தான் ஐயா. தொல்லுயிர் எச்சம் வேற இருக்கு, பெயரெச்சம் வினையெச்சம் வேற.//

வண்ணாரப்பேட்டை ஐயா சொன்னது ஞாயம். வகுப்புல சொல்லிப் பாத்தேன், கடைசி பெஞ்சு சிரிச்சு முடிக்கவே அஞ்சு நிமிஷம் ஆச்சு. இதுக்காக மட்டும்னா நான் அந்தச் சொல்லக் கைவிட்டிருக்க மாட்டேன், ரெண்டு மாசத்துல சிரிப்பு அடங்கிடும். என் மனச மாத்தினது யாழ்ப்பாணத்து அக்கா கேட்டது:

//வேலைக்காரத் தேனீ முட்டை இடுறதில்லை. எச்சமே இல்லாத அதுக்கு எச்சத்தகவு எப்பிடி வரும்?//

இதுக்கு என்கிட்ட பதில் இல்ல அக்கா. 1964-ல ஹாமில்டன்ங்கிற உயிரியல் அறிஞர் சொன்னது இதத்தான், தன் வயித்துப் பிள்ளை மட்டும் கணக்கு இல்ல, கூடப் பொறந்தவங்க பிள்ளைங்க மூலமாவும் தன் மரபணு அடுத்த தலைமுறைக்குப் போகுது, உறவு எவ்ளோ நெருக்கமோ அவ்ளோ பங்கு அதுவும் கணக்குல சேரும். எச்சம்ங்கிற சொல்லு இதுக்கு எடம் குடுக்கல, 'வழி' குடுக்குது. வழித்தோன்றல், கால்வழி, தாய்வழின்னு நம்ம வாயில ஏற்கெனவே இருக்கிற சொல்லு, அக்கா பசங்களும் எங்க வழிதான்னு யாரும் சொல்லுவாங்க.

அதனால என் முன்மொழிவ மாத்திக்கறேன்: வழித்தகவு. ஒண்ண இன்னொண்ணோட ஒப்பிட்டுச் சொல்றப்ப ஒப்பு வழித்தகவு, ஹாமில்டன் சொன்னதுக்கு கிளை வழித்தகவு. கிளைன்னா சொந்தபந்தம்னு பழைய வழக்கு இருக்கறதால அது பொருந்தும்னு நினைக்கறேன். 'தகவமைப்பு' (அடாப்டேஷன்) அப்படியே இருக்கட்டும், அதே வேர் தான, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வந்தா பசங்களுக்கு உறவு தெரியும். ஆனா 'தகவமைத்துக்கொண்டது'ன்னு எழுதறத மட்டும் நிறுத்தணும், அந்த 'கொண்டது' வந்தாலே மீன் தானா உக்காந்து யோசிச்சு மாறின மாதிரி ஆயிடுது, 'தகவமைந்தது' போதும்.

'தகவு'ன்ன உடனே தகவல்னு படிக்கறாங்கன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். முதல் ரெண்டு நாள் என் பசங்களும் அப்படித்தான் படிச்சாங்க, முன்னாடி 'வழி' ஒட்டினதும் அந்தக் குழப்பம் வரல.

நேத்து பலகையில எழுதிப் பாத்த வாக்கியம் இது: 'பெரிய கண் வலை வீசும் கடலில் சிறிய மீனின் வழித்தகவு கூடும்.' அந்தப் பையன் கைய தூக்கி, "சார், சின்னக் கண்ணு வலை போட்டா?"ன்னான். ரெண்டுமே மாட்டும்டா, அப்ப இந்தக் கணக்கு மாறும்னு சொன்னேன். அதுக்கும் சேத்து எழுதறதுக்குள்ள பெல் அடிச்சுடுச்சு. 'கூடும்'னு சொல்லலாமா, 'மிகும்'னு சொல்லணுமான்னு யாராவது சொல்லுங்க, திங்கக்கிழமை வகுப்புக்குள்ள தெரிஞ்சா நல்லாருக்கும்.