மாவுக்குள் கறி: ஒரு சொல் வேண்டும், வியாழன் இரவுக்குள்

காரைக்குடி ஆசிரியை, திங்கள் இரவு

மடற்குழு நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். இங்கே கேட்டரிங் படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு கையேடு எழுதி வருகிறேன். ஒன்பது பாடம் முடிந்தது. பத்தாவதில் மாட்டிக்கொண்டேன்.

மாவுக்குள் கறியை வைத்து மூடி, சுட்டோ பொரித்தோ எடுக்கும் பண்டங்களைப் பற்றிய பாடம் அது. கார்ன்வாலின் பாஸ்டி, அர்ஜென்டினாவின் எம்பனாடா, ரஷ்யாவின் பிரஷ்கி, துருக்கியின் பொரெக், மலேசியாவின் கரிபாப், நம்மூர் சமோசா எல்லாம் வரும். ஜமைக்காக்காரர் பண்டத்தைப் ‘பாட்டி’ என்று எழுதினால் கிழவியாகிவிடுகிறது. அது தனிக் கதை. இந்தக் குடும்பம் முழுவதற்கும் சேர்த்து ஒரு பெயர் வேண்டும். உள்ளே வைப்பதற்கும் ஒரு பெயர் வேண்டும்.

பேஸ்ட்ரி என்றே போட்டுவிடலாம்தான். போன வாரம் வகுப்பில் “பேஸ்ட்ரிக்குள் கொத்துக்கறி வைக்க வேண்டும்” என்றேன். பின்வரிசைப் பையன் ஒருவன் முகத்தைச் சுளித்தான். அவனுக்குப் பேஸ்ட்ரி என்றால் பேக்கரிக் கண்ணாடிப் பெட்டியில் செர்ரிப்பழம் வைத்து உட்கார்ந்திருக்கும் க்ரீம் கேக் துண்டு. அவன்மேல் தப்பில்லை, காரைக்குடி முழுக்க அப்படித்தான்.

வெள்ளி காலை அச்சுக்குப் போகிறது. கைகொடுங்கள்.

தேவகோட்டை, திங்கள் இரவு

அம்மா, சொல் ஏற்கெனவே இருக்கிறது. நாம் தேடவில்லை, அவ்வளவுதான்.

மதுரைக்காஞ்சியில் நள்ளிரவு மதுரையைச் சொல்லும் இடத்தைப் பாருங்கள். அப்பம் விற்கும் கூவியர் தூங்கி வழிகிறார்கள். அவர்கள் முன்னால் இருப்பது ‘கவவொடு பிடித்த வகையமை மோதகம்’. உள்ளே வைப்பதுதான் கவவு. தொல்காப்பியர் உரியியலில் ‘கவவு அகத்திடுமே’ என்று ஒரே அடியில் முடித்துவிட்டார். அகத்தே இடுவது கவவு. உலகத்துப் பாஸ்டிக்கும் பிரஷ்கிக்கும் இதைவிடச் சுருக்கமாக யார் இலக்கணம் சொல்ல முடியும்?

என் பரிந்துரை: உள்ளே வைப்பது கவவு, பண்டம் கறிக்கவவு.

வேரையும் பாருங்கள். கவ்வு, கவவு, கவளம், கவுள் எல்லாமே ஒன்றை வாய்க்குள்ளோ கைக்குள்ளோ அடக்குவதைச் சொல்பவை. ஆங்கிலத்துக் ‘கவர்’கூட இங்கிருந்து போனதா என்று எனக்கு நெடுநாளாக ஓர் ஐயம்.

பள்ளத்தூர் ஆச்சி, செவ்வாய் காலை

கவருக்குப் போகாதீர்கள் ஐயா. போன தடவை அப்படிப் போனவர் திரும்பி வர மூன்று வாரம் ஆனது.

இந்தப் பண்டம் நம் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது, சோமாசு. வட்டமாகத் திரட்டி, ஒரு பாதியில் பூரணம் வைத்து, மறுபாதியை மடித்து ஒட்டினால் பிறைபோல வரும். எம்பனாடா படம் பார்த்தேன், எங்கள் தீபாவளிச் சோமாசேதான். உள்ளே பொட்டுக்கடலையும் சர்க்கரையும் போய்க் கறி வந்திருக்கிறது. கறிச்சோமாசு என்று போடு தாயி, வேலை முடிந்தது.

புதுவயல், செவ்வாய் காலை

ஆச்சி சொல்வது புரியும். அதனாலேயே அதை ஆதரிக்கிறேன். ஆனால் சோமாசு தமிழா? சமோசாதான் நாக்குப் புரண்டு சோமாசு ஆனது என்பது என் கட்சி. சமோசாவோ பாரசீகத்துச் சம்பூசா. முகம்மது பின் துக்ளக்கின் விருந்தில் சம்பூசக் பரிமாறியதை இபன் பதூதா எழுதியிருக்கிறார்: கொத்திய கறியோடு பாதாம், பிஸ்தா, அக்ரூட், வெங்காயம், மசாலா சேர்த்து மெல்லிய ரொட்டிக்குள் வைத்து நெய்யில் பொரித்தது. அதாவது கறிதான் மூத்தது. உருளைக்கிழங்கு நேற்று வந்தது.

தேவகோட்டை, செவ்வாய் பகல்

சோமன் என்றால் நிலா. பிறை வடிவில் இருப்பதால் சோமாசு என்பது என் கணிப்பு. ஆச்சியே பிறை என்றுதான் சொன்னார். இருந்தாலும் சோமனும் வடசொல், பூரணமும் வடசொல். கவவு இருக்கும்போது கடன் எதற்கு?

கானாடுகாத்தான், செவ்வாய் மாலை

கடன் எதற்கு என்று செட்டிநாட்டிலிருந்துகொண்டு கேட்கிறீர்களே!

எங்கள் ஐயா பினாங்கு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாக, சேர்ந்து முதலாளியின் முகவருக்கு அடுத்த நிலையான அடுத்தாளாகித் திரும்பியவர். கரிபாப் பற்றிச் சொல்லும்போது வலதுகைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே அசையும். ஓரத்தைக் கயிறு திரிப்பதுபோல மடித்து மடித்துக் காட்டுவார். உள்ளே உருளைக்கிழங்கு, கோழி, மசாலா, ஓர் ஓரமாக அவித்த முட்டைத் துண்டு.

அந்தப் பெயரைப் பாருங்கள். அகநானூற்றில் யவனர் கப்பல் பொன்னொடு வந்து கறியொடு பெயர்ந்ததே, அந்தக் கறி மிளகு. நம் ஊரில் அது மெல்ல இறைச்சியானது. வெள்ளைக்காரன் வாயில் ‘கரி’யாகி, ‘பஃப்’ என்ற ஒட்டோடு மலாய்க்குப் போய்க் கரிபாப் ஆனது. நாம் கொடுத்த சொல் வட்டியோடு திரும்பி வந்திருக்கிறது. வட்டியை வேண்டாம் என்பவர் நம் பக்கத்தில் உண்டா? கறிபாப் என்று வல்லின றகரம் போட்டு எழுதிக்கொள்வோம்.

யாழ்ப்பாணம் (இப்போது டொராண்டோ), செவ்வாய் இரவு

எங்கட பக்கத்தில் இது பற்றீஸ். மீன் வைத்தாலும் இறைச்சி வைத்தாலும் பற்றீஸ்தான், யாரும் குழம்பியதில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: எங்களுக்குக் கறி என்றால் குழம்பு. ‘கறிப்’ என்று தொடங்கும் எந்தச் சொல்லையும் மரக்கறிக்காரர் நம்பிச் சாப்பிட்டுவிடுவார்கள். இறைச்சி என்று போட்டால்தான் இரண்டு கரைக்கும் பொருந்தும்.

பேருக்காகச் சண்டை பிடிப்பதில் நாம் தனியாள் இல்லை. 1985இல் இந்த நகரத்திலேயே நடந்தது. ‘பீஃப் பாட்டி’ என்றால் சட்டப்படி வெறும் இறைச்சி வடைதான், மாவு மூடி போட்டதை அப்படி விற்கக்கூடாது என்று கனடிய அதிகாரிகள் ஜமைக்காக் கடைக்காரர்களிடம் சொன்னார்கள். கடைக்காரர்கள் விடவில்லை. கடைசியில் ‘ஜமைக்கன் பாட்டி’ என்று ஊர்ப்பெயரைச் சேர்த்ததும் சச்சரவு அடங்கியது.

இன்னொன்று. எம்பனாடாவில் நடுவில் இருக்கும் ‘பான்’ ரொட்டி. போர்த்துக்கேயர் எங்களுக்குத் தந்த பாண் அதற்கு உறவுக்காரன்.

தேவகோட்டை, செவ்வாய் இரவு

இறைச்சி என்று டொராண்டோ அன்பர் சொன்னதும் சிரித்துவிட்டேன். தொல்காப்பியப் பொருளியலில் இறைச்சி என்பது பாட்டின் நேர்ப்பொருளுக்கு வெளியே நின்று குறிப்பால் உணர்த்துவது. அது ‘புறத்தது’ என்றே நூற்பா சொல்கிறது. கவவோ அகத்திடுவது. ஆகவே இறைச்சிக்கவவு என்று வைத்தால் புறமும் அகமும் ஒரே மாவுக்குள் அடங்கும்! பிள்ளைகளுக்கு இலக்கணமும் சேர்ந்து வரும்.

புதுவயல், புதன் காலை

ஐயா, கேட்டரிங் பிள்ளைகளுக்கு அன்று மாலை நூற்றிருபது பேருக்குப் பிரியாணி இருக்கிறது.

எனக்குக் கவவில் ஒரு சங்கடம். சிலப்பதிகாரத்து மங்கல வாழ்த்தில் கோவலனையும் கண்ணகியையும் ‘கவவுக்கை ஞெகிழாமல்’ என்று வாழ்த்துகிறார்கள். அங்கே அது தழுவிய கை. இதைப் படித்துவிட்டு வந்தவனிடம் “கறிக்கவவு செய்” என்றால் ஆட்டைக் கட்டிப்பிடிக்கச் சொல்கிறோமா என்பான். உள்ளீடு என்று வைக்கலாமா என்றால் அதைக் கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். மாவுக்குள் ‘இன்புட்’ கொடுத்த மாதிரி இருக்கும்.

பேசாமல் கறி பப்ஸ் என்று போடுங்கள். முட்டை பப்ஸ் தெரியாத பிள்ளை தமிழ்நாட்டில் இல்லை. பிஸ்கட்டுக்கு ஈரட்டி, கேக்குக்கு அணிச்சல் என்று வைத்தோம். எந்தப் பேக்கரியில் கேட்டாலும் என்ன வேண்டும் என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

கோட்டையூர், புதன் பகல்

பப்ஸ் ஆகாது. பப்ஸ் என்பது ஏடுஏடாக உப்பும் மாவுக்கு மட்டும். மாவையும் கொழுப்பையும் மாற்றி மாற்றி மடிப்பதால், சூட்டில் ஈரம் ஆவியாகி ஏடுகளைத் தூக்குகிறது. பாஸ்டிக்கு அது கட்டாயமில்லை, பிரஷ்கி பெரும்பாலும் புளித்த மாவு, சமோசா பொரிப்பது. ஒரு பிள்ளையின் பெயரைக் குடும்பத்துக்கே வைக்கிறீர்கள். கரிபாப், சோமாசு இரண்டுக்கும் இதே குறைதான்.

நான் பொதி என்பதிலிருந்து தொடங்குகிறேன். பொதிசோறு இருக்கிறது. கார்ன்வாலில் வெள்ளீயச் சுரங்கத்துக்குப் போனவர்கள் பாஸ்டியைக் கட்டுச்சோறாகத்தான் கொண்டுபோனார்கள். யாருடையது என்று தெரிய ஒரு மூலையில் பெயரின் முதலெழுத்தும் இருக்கும். ஆனால் எந்தச் சொல் பின்னால் நிற்கிறதோ அதுதான் பொருள். ‘பொதிகறி’ என்றால் வினைத்தொகை, ஊறுகாய்போல. ஒற்று மிகாது, ஆனால் அது ஒருவகைக் கறியாகிவிடும். ‘கறிப்பொதி’ என்றால் கறியைக் கொண்ட பொதி. இதுதான் நமக்கு வேண்டும். பொதியப்பம் என்றும் சொல்லலாம், ஆனால் அப்பம் என்றதும் நாக்கு தேங்காய்ப்பாலைத் தேடும்.

தனிமடலில் ஒருவர் ‘மடியப்பம்’ என்றார். மாவை மடிப்பதால் மடியாம். எங்கள் வீட்டில் மடி என்றால் குளித்துவிட்டு யாரையும் தொடாமல் நிற்பது. அதற்குள் கறியா?

காரைக்குடி ஆசிரியை, புதன் இரவு

எல்லோருக்கும் நன்றி. இன்று வகுப்பில் செய்தே பார்த்துவிட்டோம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்டிக்கு உள்ளே போவது எல்லாமே பச்சை. கார்ன்வாலுக்கு 2011இல் ஐரோப்பியப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த விதிப்படி மாட்டுக்கறி 12.5 சதவீதத்துக்கும் காய் 25 சதவீதத்துக்கும் குறையக்கூடாது. வேகாமல் உள்ளே வைத்து, பண்டத்தோடு சேர்த்தே வேக வேண்டும். மடிப்பு பக்கவாட்டில் இருக்க வேண்டும். எம்பனாடாவுக்கு நேர்மாறு: வதக்கி, ஆறவைத்து, கொழுப்பு உறைந்த பிறகுதான் வைக்க வேண்டும். நம் பிள்ளைகள் இரண்டையும் விட்டுவிட்டு, சுக்கா மாதிரி எண்ணெய் மிதக்கும் கொத்துக்கறியைச் சூட்டோடு வைத்தார்கள். கடப்பைக்கல் மேலேயே வெண்ணெய் உருகி மாவு வழுக்க ஆரம்பித்தது. அடுப்பிலிருந்து எடுத்தபோது தட்டு முழுக்கச் சிவப்பு எண்ணெய், அடிமாவு ஊறிப்போய்க் கையோடு வந்தது.

ஓரம்தான் சுவாரஸ்யம். சோமாசுக் கரண்டியால் உருட்டி வெட்டியவற்றில் பாதிக்குமேல் வாய் பிளந்துவிட்டன. கானாடுகாத்தான் அண்ணன் சொன்ன மாதிரி கயிறாகத் திரித்தவை அப்படியே நின்றன. அர்ஜென்டினாவில் அந்தத் திரிப்புக்கு ரெபுல்கே என்று பெயர். உள்ளே எந்தக் கறி என்று அதன் வடிவத்தை வைத்தே கண்டுபிடிப்பார்களாம். கார்ன்வாலில் கிரிம்ப். நமக்கு?

பள்ளத்தூர் ஆச்சி, புதன் இரவு

முறுக்குறதுதான். வேறென்ன? இதற்கும் சங்கப் பாட்டு வேண்டுமா?

தேவகோட்டை, புதன் இரவு

முறுக்கு இருக்கட்டும், நல்ல தமிழ். கவவு பற்றி யாரும் பதில் சொல்லவில்லை.

கானாடுகாத்தான், வியாழன் காலை

கார்ன்வால் சுரங்கக்காரர்கள் மெக்சிகோவின் இடால்கோ பக்கம் வெள்ளிச் சுரங்கத்துக்குப் போனபோது பாஸ்டியும் கூடவே போனது. இன்றும் அங்கே ‘பாஸ்தே’ என்று விற்கிறார்கள், உள்ளே மிளகாய் சேர்ந்துவிட்டது. சரக்கை மாற்றினார்கள், பெயரை மாற்றவில்லை. அதனால் தனித்தனிப் பண்டத்துக்கு அந்தந்த ஊர்ப்பெயரே இருக்கட்டும், குடும்பப்பெயர் மட்டும் தமிழில். கறிபாப்பை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வட்டியை மட்டும் தள்ளுபடி செய்கிறேன், அசலை இல்லை.

காரைக்குடி ஆசிரியை, வியாழன் மாலை

வந்த மடல்களை எண்ணிப் பார்த்தேன். கறிப்பொதிக்கு நான்கு பேர், அதில் இரண்டு பேர் “ஏதாவது ஒன்றைப் போட்டுத் தொலையுங்கள்” என்றுதான் எழுதியிருந்தார்கள். கறிச்சோமாசுக்கு இரண்டு. இறைச்சிப்பொதிக்கு டொராண்டோ மட்டும். கவவுக்கு ஒருவர், நான்கு மடலில். உள்ளே வைப்பதற்குப் பூரணம்தான், பிள்ளைகளுக்குக் கேட்டவுடன் தெரிகிறது. தேவகோட்டை ஐயா மன்னிக்கவும். பாடத்தலைப்பு: ‘கறிப்பொதிகள்’. அனுப்பிவிட்டேன்.

தேவகோட்டை, வியாழன் மாலை

பிள்ளையாருக்குப் பூரணம், ஆட்டுக்கும் பூரணம். நடக்கட்டும். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

காரைக்குடி ஆசிரியை, வியாழன் இரவு 11.20

அச்சகத்திலிருந்து சரிபார்க்கப் பக்கம் வந்தது. தட்டச்சு செய்தவர் எழுத்துப்பிழை என்று நினைத்து, பத்தாவது பாடம் முழுக்கக் ‘கறிப்பொடி’ என்று திருத்திவைத்திருக்கிறார். ‘கறிப்பொடியின் ஓரத்தை முறுக்கி’ என்று வருகிறது. மொத்தம் முப்பத்தொரு இடம்.

ஐயா விழித்திருக்கிறீர்களா? அந்தக் கவவுக்கு ஒற்று மிகுமா, மிகாதா?