மேடைக்கு வந்த கணினி: தாமதத்தை எங்கே ஒளிப்பது?

பின்திரை:
ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி 2016ல் இன்டெல்லோடு சேர்ந்து ஸ்ட்ராட்ஃபோர்டில் போட்ட ‘தி டெம்பெஸ்ட்’ பற்றிப் பேசுகிறவர்கள் அதில் வரும் ஆவிப் பாத்திரமான ஏரியலின் டிஜிட்டல் உருவத்தோடு நின்றுவிடுகிறார்கள். சென்சார் உடை போட்டு, தன் அசைவால் அந்த உருவத்தை ஆட்டுவித்த நடிகர் மார்க் குவார்ட்லியும் மேடையிலேயே, பார்வையாளர் கண்ணெதிரே நடித்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். ஆளையும் உருவத்தையும் சேர்த்துக் காட்டினால் தாமதத்துக்கு ஒளிய இடமில்லை.

சென்சார் தகவல் வயர்லெஸில் போய், கேம் எஞ்சினில் (கணினி விளையாட்டுக்குப் படம் வரையும் மென்பொருளில்) உருவமாகி, புரொஜெக்டரை எட்டுவதற்குள் சில ஃபிரேம்கள் கழிந்துவிடும். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிநொடி. ஆறு பிந்தினால் 100. மிதப்பது, சுழல்வது, கையை மெல்ல நீட்டுவது எல்லாம் இதில் தப்பிவிடும். ஒரு கைதட்டு போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். தாளத்துக்கு மிதிக்கும் கூத்து அடவுக்கு இது ஒத்துவராது என்பது என் கணிப்பு.

அடுத்த தொல்லை இரும்பு. விலை குறைந்த உடைகள் பலவும் காந்தப்புலத்தை வைத்தே திசை கணிக்கின்றன. மேடைக்கு அடியில் இரும்புச் சட்டம் இருந்தால் உருவம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிவிடும். நடிகர் சபையைப் பார்ப்பார், உருவம் சைடு விங்கை, அதாவது மேடையின் பக்கவாட்டு மறைவைப் பார்க்கும். உடையை அளவுதிருத்தும்போது இரும்பிலிருந்து தள்ளி நில்லுங்கள். இடைவேளையில் மறுபடி ஒருமுறை திருத்துங்கள்.

ஒலிமேசை:
ஒலியில் தாமதத்தை நாமே வேண்டுமென்று போடுகிறோமே! பின் வரிசைக்கான ஸ்பீக்கர் மேடை ஸ்பீக்கரிலிருந்து 15 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும், ஆக 44 மில்லிநொடி. மேலே 10 சேர்த்து, டிஜிட்டல் மிக்சரில் பின் வரிசை ஸ்பீக்கருக்கு 54 மில்லிநொடி தாமதம் கொடுங்கள். எந்தப் பக்கத்துச் சத்தம் முதலில் காதை எட்டுகிறதோ அங்கிருந்துதான் குரல் வருகிறது என்று மூளை எடுத்துக்கொள்ளும், அதனால் வசனம் நடிகர் வாயிலிருந்தே கேட்கும். 10க்குப் பதில் 40 சேர்த்தால் இரட்டைக் குரல்தான்.

புளூடூத் ஸ்பீக்கர் பக்கமே போகாதீர்கள். பெரும்பாலும் 100 மில்லிநொடிக்கு மேல் பிந்தும்.

வைஃபை, புளூடூத் ஓடும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக் காலர் மைக்கும் வேண்டாம். காலி அரங்கில் ஒத்திகை பார்க்கும்போது தேன் மாதிரி இருக்கும். முந்நூறு பேர் வைஃபை, புளூடூத் போட்ட போனோடு உள்ளே வந்ததும் அறுந்து அறுந்து வரும். வேறு அலைவரிசையில் ஓடும் யூஎச்எஃப் மைக் வாடகைக்கு எடுங்கள். ரிசீவரை அரங்கக் கடைசியில் மிக்சர் பக்கத்தில் வைக்காமல் விங்கில், தலைக்கு மேல் உயரத்தில் வைத்து, அங்கிருந்து கேபிள் இழுங்கள்.

வசனத்திரை:
லண்டன் நேஷனல் தியேட்டர் 2018ல் கொண்டுவந்த, போட்டுக்கொண்டால் வசனம் கண்முன் எழுத்தாகத் தெரியும் சப்டைட்டில் கண்ணாடி, பேச்சைக் கேட்டு அப்போதைக்கப்போது எழுதுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். வசனம் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருக்கும். பேச்சையும் ஒளி, ஒலிக் கியூக்களையும் (விளக்கோ ஒலியோ மாறும் இடங்களையும்) பின்தொடர்ந்து, அந்த இடத்து வரியைக் காட்டுவதுதான் மென்பொருளின் வேலை. பேச்சறிதலை மட்டும் நம்பினால் வரி சில நொடி பிந்தும், நடிகர் வட்டார வழக்கில் வேகமாகப் பேசினால் கந்தல்.

சின்னக் குழுவுக்கு, வசனத்தைத் திரையில் காட்டக் கையால் தட்டும் ஸ்லைடே மேல். ஒரு ஸ்லைடில் இரண்டு வரி, அதற்கு மேல் வேண்டாம். சிரிப்பு வெடிக்கும் வார்த்தையைத் தனி ஸ்லைடாக்குங்கள், இல்லாவிட்டால் நடிகர் சொல்வதற்குள் சபை படித்துச் சிரித்துவிடும். மௌனத்துக்கு வெற்று ஸ்லைடு. தட்டுகிறவர் கடைசி நான்கைந்து ஒத்திகைக்காவது வந்தாக வேண்டும்.

பிரதிக்காரர்:
எழுதும் பக்கம் ஒரு குறிப்பு. 2021ல் செக் தலைநகர் பிராகின் ஷ்வாண்டா அரங்கக் குழு, ‘ரோபோ’ என்ற சொல்லைத் தந்த சாப்பெக் நாடகத்தின் நூற்றாண்டுக்காக ஜிபிடி-2 என்ற செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரி எழுதிய நாடகத்தை அரங்கேற்றியது. காட்சியின் தொடக்கத்தை மனிதர்கள் கொடுத்தார்கள், வெட்டி ஒட்டியதும் அவர்களே. அந்த மொழி மாதிரிக்கு ஒரே நேரத்தில் 1024 துண்டுச் சொற்கள்தான் நினைவில் நிற்கும். தமிழுக்கு இன்னும் மோசம்: ‘கி’ என்ற ஓரெழுத்துக்கே 6 பைட், துண்டுகள் பெருகி நினைவு சீக்கிரம் நிரம்பிவிடும். புதிய மாதிரிகளுக்கு நினைவு பெரிது, ஆனாலும் நீளப் பிரதியில் யார் யாரை ‘அண்ணே’ என்பார், யாரை ‘வாங்க’ என்பார் என்பது பாதியில் மாறிவிடுகிறது. பாத்திரத்துக்கு ஐந்து வரிக் குறிப்பு, மாதிரி வசனம் பத்து, இரண்டையும் ஒவ்வொரு காட்சிக்கும் புதிதாக ஒட்டிக் கொடுங்கள்.