வாவிக்கரை அரிப்புக்கு ஸ்பார்ட்டினா புல் நடலாமா?

கரைவளவு:
எங்கள் வளவு மட்டக்களப்பு வாவியை ஒட்டி, கல்லாற்றுப் பக்கம். மாரிக்கு, மணல் மூடிய முகத்துவாரத்தை வெட்டும்வரை தண்ணீர் ஏறி நிற்பதும் வெட்டியதும் மளமளவென்று வடிவதுமாக, கரை கரைந்துகொண்டே வருகிறது, வேலிக் கதியாலில் பாதி இப்போது தண்ணீருக்குள். கனடாவில் இருக்கிற மச்சான், ஸ்பார்ட்டினா என்று ஒரு உப்புத்தண்ணீர்ப் புல் இருக்கிறது, சேற்றை இறுக்கிப் பிடிக்கும், விதை அனுப்பவா என்கிறான். யாருக்காவது இதைப் பற்றித் தெரியுமா? முன்னால் வீச்சுவலை போடுகிறவர்களோடு சண்டையும் வரக்கூடாது.

உள்ளான்:
வேண்டாம் அண்ணை. சேற்றைப் பிடிக்கும் என்பது உண்மை, ஆனால் நட்ட இடத்தோடு நிற்காது. சீனாவும் கரையைக் காக்கத்தான் 1979இல் அமெரிக்காவிலிருந்து கொண்டுபோனது. கடைசியில் 2022 முதல் 2025 வரை அதை ஒழிக்கவே நாடு தழுவிய திட்டம் போட்டார்கள், இலக்கு 90 சதவீதம். தண்ணீர் வற்றும்போது தெரிகிற வெறும் சேற்றுத்தரையில்தான் வலசை வரும் உள்ளான் பறவைகள் இறங்கிப் புழுவும் சிப்பியும் குத்தித் தின்னும். அது புல்லால் மூடிவிட்டால் அவற்றுக்கு அங்கே வேலை இல்லை. உலகத்தில் சில நூறே மிஞ்சிய கரண்டிமூக்கு உள்ளான் சீனக் கரையில் தங்கிப் போகிற இடங்களையும் இது பிடித்திருக்கிறது.

சேறுமிதி:
கூடினால் வெட்டுவதுதானே? ஆற்றுவாழையை (ஆகாயத்தாமரை) சிரமதானம் வைத்து இழுத்துப் போடுகிறோம், இதுவும் புல்தானே, மாடு தின்னும்.

உள்ளான்:
ஆற்றுவாழை மிதக்கிறது, இழுத்தால் வரும் (அதுவே மறுவருடம் திரும்பி வருகிறது, அது வேறு கதை). இது சேற்றுக்கு அடியில் தண்டு ஓட்டிப் பரவுகிற சாதி, மேலே வெட்டினால் கீழிருந்து துளிர்க்கும். ஷாங்காய்க்குப் பக்கத்தில் சோங்மிங் தீவில் சுற்றிவர அணைகட்டி, புல்லை வெட்டி, மாதக்கணக்கில் தண்ணீரை நிறுத்தி வேருக்குக் காற்றுப் போகாமல் அழுகவைத்தார்கள். நம் வாவியில் யார் அணை கட்டுவது? அமெரிக்காவில் வில்லப்பா குடாவில் வருடக்கணக்காகக் களைநாசினி அடித்துத்தான் அடக்கினார்கள்.

அழிப்பதிலும் சிக்கல் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ குடாவில் 1970களில் நட்டது, உள்ளூர்ப் புல்லோடு கலந்து இரண்டையும் விட முரட்டுக் கலப்பினமாகிவிட்டது. அங்கே அழிந்துவருகிற ஒரு கானாங்கோழி இனம் உண்டு, அது அந்த உயரமான கலப்பினப் புல்லுக்குள்ளேயே ஒளிந்து கூடு கட்டப் பழகிவிட்டது. 2005க்குப் பிறகு மருந்தடித்துப் புல் குறையக் குறையப் பறவையும் குறைந்தது, 2011இல் சில இடங்களில் அடிப்பதையே நிறுத்த வேண்டி வந்தது. மறுகா உள்ளூர்ப் புல்லையும் செடியையும் நட்டு ஒதுங்க இடம் கொடுத்தார்கள். களையெடுக்கும்போது அதற்குள் யார் குடியிருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும், சேறுமிதி.

கண்டல்கன்று:
விதையைத் தபாலில் எடுப்பதே பிரச்சினை. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அனுமதி இல்லாமல் கொண்டுவர முடியாது.

கரைக்கு நம் கண்டல் மரமே (அலையாத்தி) போதும், ஆனால் கண்டபடி நடாதீர்கள். சுனாமிக்குப் பிறகு எத்தனையோ இடங்களில் நட்டுப் படம் எடுத்துப் போனார்கள், பெரும்பாலும் பிழைக்கவில்லை. தரை மட்டம் பார்க்கவில்லை, நட்ட பிறகு ஒருவரும் திரும்பி வரவில்லை, மாடு மேய்ந்தது. உங்கள் பக்கம் முகத்துவாரம் மூடியிருக்கும்போது தண்ணீர் நாட்கணக்கில் இறங்காது, தாழ்வாக நட்ட கன்று மூழ்கியே செத்துவிடும். தானாகக் கண்டல் முளைத்திருக்கிற இடத்தைப் பாருங்கள், அதே மட்டத்தில், அதே இனத்தை நடுங்கள். மாடு வராமல் வேலியும் வேண்டும். வலைக்காரரைக் கூட்டிப்போய் எந்தப் பக்கம் வீசுகிறார்கள் என்று முதலே கேட்டு, அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

கரைவளவு:
விதை வேண்டாம் என்று மச்சானுக்குச் செய்தி போட்டாயிற்று. பக்கத்து வளவு ஓரத்தில் இரண்டு மூன்று கண்டல் தானாக நிற்கிறது, தண்ணீர் வடிந்ததும் மட்டம் அளந்து படத்தோடு இங்கே போடுகிறேன், என்ன இனம் என்று பார்த்துச் சொல்லுங்கள்.