கிளட்டருக்குக் ‘களை’ போதும்

வணக்கம். ரேடாரில் தேடும் இலக்கோடு கலந்து வரும் வேண்டாத எதிரலைகளைக் ‘கிளட்டர்’ (clutter) என்பார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் இதுவரை வந்தவை இரைச்சல், குப்பை என்ற இரண்டு சொற்கள். இரண்டுமே வேண்டாம் என்பேன். குறிப்பாக இரைச்சல் பொருளையே மாற்றிவிடும்.

இரைச்சல் பெரும்பாலும் அலையைப் பெறும் கருவியான வாங்கிக்குள்ளேயே பிறப்பது. மின்சுற்றின் வெப்பமே அதற்குப் போதும். கிளட்டர் அப்படியல்ல. நாம் அனுப்பிய அலைதான் சுவர், விளக்குக் கம்பம், நிறுத்திவைத்த கார், மரம் என்று கண்டதிலும் பட்டுத் திரும்பி வருகிறது. அனுப்பும் அலையின் திறனைக் கூட்டினால் இரைச்சலை மிஞ்சலாம், கிளட்டரை மிஞ்ச முடியாது. இலக்கின் எதிரலை எவ்வளவு வலுக்கிறதோ, சுவரின் எதிரலையும் அவ்வளவு வலுக்கும். உரம் போட்டால் பயிரோடு களையும் வளர்வது போலத்தான். எனவே என் பரிந்துரை ‘களை’.

குப்பை எங்கே கிடந்தாலும் குப்பை. களை அப்படியில்லை. நெல் அறுத்த வயலில் உளுந்து தெளித்தால், மறுபடி துளிர்க்கும் நெல்லே அங்கே களை. விமானத்தைத் தேடும் ரேடாருக்கு மழை கிளட்டர், வானிலை ரேடாருக்கு அதே மழைதான் இலக்கு. டிரோனைத் தேடுபவருக்குப் பறவை கிளட்டர், பறவைகளின் வலசையை ஆராய்பவருக்கு அதுவே விளைச்சல். இந்தச் சார்புத்தன்மையை வேறெந்தச் சொல்லும் இவ்வளவு எளிதாகத் தரவில்லை.

அப்புறம், வினையும் கூடவே கிடைக்கிறது. ரேடார் விட்டுவிட்டு அனுப்பும் அடுத்தடுத்த அலைத் துடிப்புகளின் எதிரலைகளை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால், அசையாதவை அடிபட்டுப்போய் அசைபவை எஞ்சும். இதைக் ‘களையெடுப்பு’ என்றால் விளக்கமே தேவையில்லை. அது தவறும் இடத்தையும் இதே சொல்லால் சொல்லலாம். கார்களில் உள்ள 77 கிகாஹெர்ட்ஸ் ரேடாரை நோக்கி ஒருவர் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நடந்து வந்தால் டாப்ளர் பெயர்ச்சி, அதாவது அசைவால் எதிரலையின் அதிர்வெண்ணில் வரும் மாற்றம், சுமார் 700 ஹெர்ட்ஸ். சுவரிலிருந்து அவரைப் பிரித்துவிடலாம். அவரே சாலையைக் குறுக்காகக் கடந்தால் பெயர்ச்சி ஏறக்குறைய சுழி. களையோடு பயிரையும் பிடுங்கிவிடுகிறோம். நகரத்தில் இதுதான் பெரிய ஆபத்து, ஏனென்றால் நாம் காப்பாற்ற வேண்டியவரே குறுக்கே நடப்பவர்தான். காற்றில் ஆடும் இலைகளோ நேர்மாறு: களைதான், ஆனால் அசைவதால் கழித்தலுக்குத் தப்பிவிடும்.

முகக்களை, களைப்பு ஆகியவற்றோடு குழம்பாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. கட்டுரையில் முதல் முறை ‘அலைக்களை’ என்று எழுதிவிட்டு, பிறகு ‘களை’ என்றே தொடரலாம். நிலக்களை, கடற்களை, மழைக்களை, கட்டடக்களை எல்லாம் நாக்கில் இடறாமல் வருகின்றன.

இன்னும் எனக்குப் பிடிபடாத ஒன்று உண்டு. நடப்பவர் மேல் பட்ட அலை கடையின் கண்ணாடிச் சுவரிலும் பட்டுத் திரும்பினால், சுவருக்கு அப்பால் இன்னொருவர் நடப்பதாக ரேடார் காட்டும். அதுவும் நகர்வதால் களையெடுப்பில் சிக்காது. நெல்லைப் போலவே முளைக்கும் குதிரைவாலிப் புல் மாதிரி. ‘போலி இலக்கு’ என்று வைக்கலாமா, அல்லது களைக் குடும்பத்திலேயே ஒரு பெயர் தேடலாமா? வயல் வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.